இரண்டாம் தடவை கேட்கும் சேதி

இரவு ஒரு மணி தாண்டிவிட்டது. ஓமானில், ஆதம் ஊரை விட்டுத் தெற்கே போகும் சரளைப் பாதை. இரண்டு பக்கமும் ஒரு மரம் இல்லை, ஒரு மேடு இல்லை... ஒரே ஒரு ஜீப் குதித்துக் குதித்துப் போகிறது. உள்ளே ஒரே ஆள்.

கிட்ட வந்து உட்காருங்கள். கதவை யாராவது சாத்துங்கள். சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்து முடித்துக்கொள்ளுங்கள், நடுவில் சிரித்தால் எனக்குக் கோபம் வரும். இது நான் கட்டிய கதை இல்லை. அங்கே என்னோடு ஒரே அறையில் எட்டு வருஷம் இருந்த யஃரூப் சொன்னது. ஜீப்பில் போனவர் அவனுடைய பெரியப்பா மகன் கல்ஃபான். செல்பேசி என்ற பேச்சே இல்லாத காலம்.

கல்ஃபானுக்கு எண்ணெய்க் கம்பெனியில் கல் பார்க்கிற வேலை. அந்தப் பாலைவனத்துக்கு அடியில் ஒரு பழைய கடல் செத்துக் கிடக்கிறது. சிப்பியும் பவளமும் இறுகிச் சுண்ணாம்புக்கல்லாகி, அந்தக் கல்லின் பொத்தல்களுக்குள்தான் எண்ணெயும் வாயுவும் அடைந்திருக்கும். துளை போடும்போது மேலே வரும் பொடியைக் கழுவி, பூதக்கண்ணாடியில் வைத்துப் பார்த்து, ஒரு சொட்டு அமிலம் விட்டு, அது நுரைக்கிற வேகத்தை வைத்துக் கீழே என்ன இருக்கிறது என்று சொல்லிவிடுவார் மனிதர்.

நாலு நாளாக அவருக்குக் காய்ச்சல். துளை போடுகிற ரிக்குக்குப் போக வேண்டியது அவர்தான். ஆனால் தம்பி ஹாரித் முந்திக்கொண்டான். அவனும் கல் படித்தவன்தான், வாய் மட்டும் கொஞ்சம் அதிகம்.

"நீ படுத்துக்கிட்டுக் கஞ்சி குடி அண்ணே. உன் மூஞ்சியப் பாத்துப் பாத்து கல்லுக்கே அலுத்துப்போச்சு" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தான்.

அது சின்ன ரிக். ஆராய்ச்சிக்காகத் துளை போடுவது, லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விடலாம். ஹாரித்தையும் சேர்த்து ஐந்தே பேர். ஜீப் போன அன்றைக்கு அவர்களுக்குக் கோர் எடுக்கிற வேலை. அதாவது, பொடியாக இல்லாமல் கல்லை முழு உருளையாக வெட்டி, ஒரு குழாய்க்குள் வைத்து மேலே தூக்கி, குழாயைத் திறப்பது. திறந்ததும் கல்லுக்குள் அடைந்திருந்ததெல்லாம் வெளியே வரும்.

இரவு காய்ச்சல் விட்டதும் கல்ஃபான் எழுந்து, ரிக்கிலிருந்து வந்திருந்த பொடியைச் சும்மா ஒரு பார்வை பார்த்தார். மஞ்சளாக இரண்டு மணிகள். கந்தகம். ஒரு சொட்டு அமிலம் விட்டார்... அழுகின முட்டை நாற்றம் குப்பென்று வந்தது.

அந்த நாற்றம் என்னவென்று அந்தத் தொழிலில் இருக்கிற அத்தனை பேருக்கும் தெரியும். நஞ்சு வாயு. கொஞ்சமாக இருந்தால் நாறும். நிறைய இருந்தால் நாறாது. முதலில் மூக்கைக் கொன்றுவிட்டுத்தான் ஆளிடம் வரும். ஆகையால் நாற்றம் அடித்தால் பயப்பட வேண்டும், நாறிக்கொண்டிருந்தது திடீரென்று நின்றுபோனால் ஓட வேண்டும். அந்த வட்டாரத்தில் அதுவரை நல்ல வாயுதான் கிடைத்திருந்தது. அதனால் ரிக்கில் முகமூடிகள் பெட்டிக்குள்ளேயே கிடந்தன.

வயர்லெஸ்ஸில் கூப்பிட்டுப் பார்த்தார். சாயங்காலம் அடித்த புழுதிக் காற்றில் அது ஊமையாகிவிட்டிருந்தது. சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். கோர் மேலே வருவதற்குள் போய்ச் சேர வேண்டும்... அது ஒன்றுதான் அவர் மனசில். வாசலில் உம்மா வந்து நின்றாள்.

"இந்த நேரத்துல எங்கடா?"

"ஹாரித்தப் பாத்துட்டு வந்துடறேன் உம்மா."

"பாத்துட்டு மட்டும் வராத. கையோட கூட்டிட்டு வா. நாலு நாளா அவன் சத்தம் இல்லாம வீடு வீடா இல்ல."

பாதி வழியிலேயே நாற்றம் வந்துவிட்டது. மெல்ல... பிறகு கண் எரிகிற அளவுக்கு. கல்ஃபான் தலைத்துணியை நனைத்து மூக்கில் கட்டிக்கொண்டு ஓட்டினார். ரிக்கின் விளக்கு தூரத்தில் தெரிந்தது. அப்போது...

நாற்றம் நின்றது.

ஜீப்பை அப்படியே போட்டுவிட்டு இறங்கினார். ஒரு பிடி மணலை எடுத்து விட்டு, காற்று எந்தப் பக்கம் என்று பார்த்தார். காற்றுக்குக் குறுக்காக, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓடினார், விழுந்தார், எழுந்து மறுபடி ஓடினார். ஓரிடத்தில் உட்கார்ந்து வாந்தி எடுத்தார். கொஞ்ச நேரத்தில் காற்று பலமாகித் திசை மாறியது, நஞ்சையெல்லாம் எதிர்ப்பக்கம் அள்ளிக்கொண்டு போனது. பிறகு காற்று அடங்கியது. அந்த அமைதியில்தான் அவருக்கு அந்தச் சத்தம் கேட்டது.

டிங்... டிங்... டிங்.

பித்தளை உரலில் ஏலக்காய் இடிக்கிற சத்தம். கஹ்வா, அந்த ஊர்க் காப்பி, போடுகிறார்கள்! கல்ஃபானுக்கு அழுகையே வந்துவிட்டது. கஹ்வா போட உட்கார்ந்திருக்கிறார்கள் என்றால் எல்லாரும் நன்றாக இருக்கிறார்கள் என்றுதானே அர்த்தம்? அப்படித்தான் நீங்களும் நானும் நினைப்போம்.

போனார். ஐந்து பேரும் விளக்கடியில் பாய் விரித்து உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் கூஜா. பக்கத்தில் திறந்த குழாய், அதிலிருந்து எடுத்து வரிசையாக வைத்த பழுப்புக் கல், ஆப்பம் மாதிரி உடம்பெல்லாம் பொத்தல். நாற்றமே இல்லை.

"அஸ்ஸலாமு அலைக்கும்."

"வ அலைக்குமுஸ்ஸலாம். வா அண்ணே, வா. கஞ்சி தீந்துபோச்சா?" என்று சிரித்தான் ஹாரித்.

"என்ன சேதி?"

"சேதி ஒண்ணுமில்ல. எல்லாம் நல்லதே."

இந்த இடத்தில் ஒன்று சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் உங்களுக்குக் கதை விளங்காது. ஓமான்காரர்கள் எதையும் எடுத்த எடுப்பில் சொல்ல மாட்டார்கள். சேதி என்ன என்று கேட்டால், ஒன்றுமில்லை, நல்லதே என்பார்கள். வீடு எரிந்து சாம்பலாகியிருந்தாலும் அதுதான் பதில். பிறகு பேரீச்சம்பழம், கஹ்வா. குடித்து முடித்து, போதும் என்பதற்கு அடையாளமாகக் கோப்பையை லேசாக ஆட்டிக் காட்ட வேண்டும். ஆட்டாதவரைக்கும் ஊற்றிக்கொண்டே இருப்பார்கள். ஆட்டிய பிறகு இரண்டாம் தடவை, "சேதி என்ன?" என்று கேட்க வேண்டும். அப்போதுதான் உண்மையான சேதி வரும். இரண்டாம் தடவை கேட்கிற வரைக்கும் எது நடந்திருந்தாலும் அது நடக்காத மாதிரிதான்.

கல்ஃபான் உட்கார்ந்தார். ஹாரித் ஊற்றிக் கொடுத்தான். ஒரு வாய் குடித்தார்... சூடும் இல்லை, குளிர்ச்சியும் இல்லை. வாயில் விட்டதே தெரியவில்லை. அண்ணாந்து விளக்கைப் பார்த்தார். பாலைவனத்தில் விளக்கைச் சுற்றிப் பூச்சி மொய்க்கும், முகத்தில் வந்து விழும். அங்கே ஒன்றுகூட இல்லை. கீழே பார்த்தார். பூச்சிகள் அத்தனையும் தரையில் கிடந்தன, பெருக்கிக் குவித்த உமி மாதிரி.

மார்கழிக் குளிர். அவர் மூச்சு புகையாக வந்துகொண்டிருந்தது. மற்ற ஐந்து பேர் வாயிலிருந்தும் ஒன்றும் வரவில்லை.

புரிந்துவிட்டது. அவர் என்ன செய்தார் தெரியுமா? காலிக் கோப்பையை நீட்டினார். ஆட்டவில்லை. ஹாரித் ஊற்றினான். குடித்தார், நீட்டினார். மறுபடி ஊற்றினான். கூஜா குறையவே இல்லை.

"என்ன அண்ணே, ஒட்டகத்துக்கு வாக்கப்பட்டுட்டியா? இப்படிக் குடிக்கிற" என்றான் ஹாரித்.

"நல்லாருக்கு. ஊத்து."

ரிக் தலைவர் முஸப்பஹ், நரைத்த தாடிக்காரர், முன்னால் குனிந்தார். "போதும் கல்ஃபான். கோப்பைய ஆட்டு. ஆட்டிட்டுக் கேளு."

"இன்னும் ஒண்ணு."

"எங்க வீட்லயும் ஆளுங்க இருக்காங்கப்பா. கேளு. கேட்டாத்தான் எங்களால சொல்ல முடியும்."

மற்ற மூன்று பேரும் கல்ஃபான் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஹாரித் மட்டும் தலை குனிந்து கோப்பையைத் துடைத்துக்கொண்டிருந்தான். கல்ஃபான் கேட்கவில்லை. நான் அவரைக் குறை சொல்ல மாட்டேன். உங்களுக்கு ஒரே ஒரு தம்பி இருந்தால் நீங்களும் கேட்டிருக்க மாட்டீர்கள்.

கோப்பையை ஆட்டாமலே கீழே வைத்தார். எழுந்து தம்பியின் மணிக்கட்டைப் பிடித்தார். குழாய்த் தண்ணீர் பட்ட மாதிரி சில்லென்றிருந்தது.

"எந்திரி. உம்மா கூட்டிட்டு வரச் சொன்னா."

அவன் எழுந்து வந்தான். அவ்வளவுதான். மற்ற நாலு பேரும் தடுக்கவில்லை, கத்தவில்லை. முஸப்பஹ் மட்டும், "எங்களையும் ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போயேன்ப்பா" என்றார். போட்டுவிட்டு வந்த ஜீப்புக்கு நடந்துபோய் ஏறிக் கிளம்பின பிறகு பின்னால் உரல் சத்தம் மறுபடி ஆரம்பித்தது. டிங்... டிங்... வெகுதூரம் வரைக்கும் கேட்டது.

வழி முழுக்கக் கல்ஃபான் பேசிக்கொண்டே வந்தார். சின்ன வயசில் ஆடு திருடி அடி வாங்கியது, ஹாரித்துக்குப் பார்த்திருந்த பெண்ணின் அப்பா மூக்கில் பேசுவது, எது வாயில் வந்ததோ அது. ஹாரித் சிரித்தான், பதிலுக்குக் கேலி செய்தான். கல்ஃபான் பக்கத்துக் கண்ணாடி மூச்சுப் பட்டு மங்கிப்போயிருந்தது. அவன் பக்கத்துக் கண்ணாடி துடைத்து வைத்த மாதிரி பளிச்சென்று இருந்தது. அவர் அந்தப் பக்கம் பார்க்காமலே ஓட்டினார்.

விடிகிற நேரம் வீடு. உம்மா கதவைத் திறந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"வாடா ராசா. என்ன சேதி?"

"சேதி ஒண்ணுமில்ல உம்மா. எல்லாம் நல்லதே."

பாயைப் போட்டாள். பேரீச்சம்பழத் தட்டை வைத்தாள். கூஜாவை எடுத்தபோது கல்ஃபான் அதை அவள் கையிலிருந்து பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டார். ஊற்றினார். ஹாரித் குடித்தான். இன்னொன்று. இன்னொன்று. பிறகு ஹாரித் கோப்பையை ஆட்டினான். கல்ஃபான் பார்க்காத மாதிரி மறுபடி சாய்த்தார். ஹாரித் உள்ளங்கையால் கோப்பையை மூடிக்கொண்டான். கஹ்வா அவன் கைமேல் கொட்டியது. ஆவி பறக்கிற கஹ்வா... அவன் கையை எடுக்கவில்லை.

உம்மா அந்தக் கையைப் பார்த்தாள். பிறகு அவன் முகத்தைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். பெற்றவளிடம் எவ்வளவு நேரம் மறைக்க முடியும்?

"உம்மா, கேக்காத" என்றார் கல்ஃபான். "ரெண்டாவது தடவ கேக்காத. கேக்காம இருந்தா இங்கயே இருப்பான். சாப்பிடுவான், சிரிப்பான், வீட்ல சத்தம் இருக்கும். உன் கால்ல விழறேன், கேக்காத உம்மா."

உம்மா ஹாரித்தின் கையைத் தன் முந்தானையால் துடைத்தாள். ஒவ்வொரு விரலாகத் துடைத்தாள்.

"எவ்வளவு நேரம்டா அத வாயிலயே வச்சுக்கிட்டு இருப்பான்?" என்றாள். "புள்ளைக்கு வலிக்கும்டா."

ஹாரித்தின் கண்ணில் தண்ணீர் திரண்டிருந்தது. அண்ணனைப் பார்த்தான். ஒரு சிரிப்புச் சிரித்தான், கஞ்சி குடி என்று சொல்லிவிட்டுப் போன அன்றைக்குச் சிரித்த மாதிரியே.

உம்மா கேட்டாள். "சேதி என்ன, ஹாரித்?"

அவன் சொன்னான். என்ன சொன்னான் என்பதைக் கல்ஃபான் இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை. யஃரூப் ஒரு தடவை கேட்க வாயெடுத்து, அவர் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டானாம். சொல்லி முடித்தபோது பாயில் உம்மாவும் கல்ஃபானும் மட்டும் இருந்தார்கள்.

மத்தியானம் கம்பெனியிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். எப்படிச் சொல்வது என்று தெரியாமல் வாசலிலேயே நின்றார். அதற்குள் உம்மா அழுது முடித்து, முகம் கழுவி, தொழுதும் முடித்திருந்தாள். "எப்ப கொண்டுவருவீங்க?" என்று அவளேதான் கேட்டாள்.

அதிகாரி திகைத்துப்போய்க் கல்ஃபானைத் தனியாக வெளியே அழைத்துப் போனார். வேலை சீக்கிரம் முடிந்துவிட்டதாம், அந்தி சாய்கிற நேரத்திலேயே குழாயைத் திறந்துவிட்டார்களாம். கல்ஃபான் கண்ணாடியில் அந்த மஞ்சள் மணியைப் பார்த்தபோதே எல்லாம் முடிந்து வெகுநேரம் ஆகியிருந்தது. காலையில் மாற்று ஆட்கள் போய்ப் பார்த்தபோது, ஐந்து பேரும் கூஜாவைச் சுற்றி உட்கார்ந்தபடியே இருந்தார்களாம்.

சொல்லிவிட்டு அதிகாரி போகவில்லை. நின்றார். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"இன்னொண்ணு... உங்க தம்பிய சுத்தப்படுத்திக் கிடத்தியாச்சு. அவருக்கு ஒரு தொந்தரவும் இல்ல. மத்த நாலு பேருக்குத்தான்... வாய மூடித் தாடையில துணி கட்டினோம். இறுக்கித்தான் கட்டினோம். திரும்பித் திரும்பித் திறந்துக்குது."