முன்னுண்டாள்

இலையில எவனும் கைய வைக்கப்படாது. கதை முடியட்டும். நான் சொல்லச் சொல்ல நீங்க 'ம்' கொட்டணும். கொட்டாதவன் எந்திரிச்சுப் போயிரலாம்.

முன்ன ஒரு காலத்துல, நம்ம நொச்சியோடையில நெசமாவே ஓடை ஓடுன காலத்துல, ஆவுடை ஆவுடைன்னு ஒருத்தி இருந்தாளாம். புருசன் சின்ன வயசுலயே போயிட்டான். ஒரே மவ, பேரு மாடத்தி. அந்த ஒத்தப் பிள்ளைக்காகத்தான் உசிர வச்சிருந்தான்னு எங்க ஆச்சி பிச்சம்மா சொல்லுவா. ஊர்ல கல்யாணமா, காதுகுத்தா, கோயில் கொடையா, ஆவுடைதான் அடுப்புக்கு. ஆக்குவா, எல்லாருக்கும் போடுவா. கடைசியில பானையில கிடந்தா திம்பா. கிடக்கலியா, பானைய அலசி அந்தத் தண்ணியக் குடிச்சுட்டு வீட்டுக்குப் போயிருவா. ஊரு என்ன சொல்லிச்சு? "ஆவுடை மாதிரி உண்டுமா"ன்னு சொல்லிச்சு. நல்லா சொல்லும். சொல்ல வாய்தான வேணும், சோறு வேண்டாமே.

மவளுக்கும் அதையேதான் பழக்குனா. "எல்லாரும் உண்டு எந்திரிக்கட்டும் தாயி, பொறவு நாம பாத்துக்கிடலாம்." அந்தப் பிள்ளையும் அப்படியே வளந்துச்சு.

மாடத்தியக் கட்டிக் குடுத்தது மேலக்கரையில. பெரிய வீடு. மாமனாரு, கொழுந்தன்மாரு, பண்ணையாளுன்னு எப்பவும் பந்திதான். தொழுவம் நெறைய மாடு. இல்லாத வீடுன்னு நெனச்சிராதீங்க. மாடத்திக்குப் பொம்பளப் பிள்ளை பிறந்துச்சு. அதுதான் எங்க ஆச்சி பிச்சம்மா. பிள்ளைக்குப் பால் குடுக்கிற ஒடம்பு, எம்புட்டுப் பசிக்கும்? பெத்தவளுகளக் கேளுங்க.

அந்த வருசம் மழை இல்லியாம். பானை சிறுத்துப் போச்சு. பானை சிறுத்தா எவனுக்குக் குறையும்? பந்தியில இருக்கவனுக்கா? அவன் எப்பவும் போலத் தின்னுட்டுத்தான் எந்திரிச்சான். கடைசியில நின்னாளே, அவளுக்குத்தான் குறைஞ்சுச்சு.

ஒரு தரம் ஆவுடை மவளப் பாக்கப் போயிருக்கா. மாடத்தி கழுத்தெலும்பு துருத்திக்கிட்டு நின்னாளாம். "அம்மா, வயிறு எரியுது. பாலும் சரியா வரல"ன்னாளாம். ஆவுடை என்ன சொன்னா தெரியுமா? "பொறுத்துக்கோ தாயி, நல்ல பேரு எடுத்திருக்க, கெடுத்துக்கிடாத." சொல்லிட்டு வந்துட்டா. எனக்கு இப்பவும் அத நெனச்சா ஆத்திரம் வருது. எங்க ஆச்சியப் பெத்தவள அந்த நல்ல பேருதான கொன்னுச்சு.

ஒரு நா மத்தியானம், கொழுந்தன்மாருக்குப் போட்டுக்கிட்டு இருக்கையில, அகப்பையோட அப்படியே சாஞ்சுட்டா மாடத்தி. அவ்வளவுதான்.

ஆவுடை ஓடிப்போனா. மவ மேல விழுந்து கத்துதா. பக்கத்துல மாமியாக்காரி நெஞ்சுல அடிச்சுக்கிட்டு அழுதாளாம். "எம் மருமவ தங்கம். இத்தன வருசத்துல அவ ஒரு வா திங்கத நான் கண்ணால பாத்ததில்லியே"ன்னு அழுதாளாம்.

ஆவுடைக்கு அழுகை நின்னு போச்சு. கண்ணத் தொடச்சா. எந்திரிச்சா. "ஏன் பாக்கல?"ன்னு கேட்டா.

"கூடவே இருந்தியே, ஏன் பாக்கல? நானும் பாக்கல. பெத்தவ நான், நானும் பாக்கல." சொல்லிட்டு, தொட்டில்ல கிடந்த பேத்தியத் தூக்கி இடுப்புல வச்சுக்கிட்டு நடந்தா. எவனும் மறிக்கல. மறிச்சா அடிச்சிருப்பா.

அதுக்கப்புறம் ஆவுடை வேற ஆளு. பேத்திக்குச் சுடச்சுட முதல் அகப்பை. பொறவு தனக்கு. அப்புறந்தான் எவனா இருந்தாலும்.

ஊரு சும்மா விடுமா? பிச்சம்மா நல்லா நடந்து ஓடுத வயசுல கொடை வந்துச்சு. ஆக்குறதுக்கு ஆவுடையத்தான் கூப்பிட்டாவ, அவ கைப்பக்குவம் வேணுமே. ஆக்குனா. சாமிக்குப் படைச்சா. ஆம்பளைக எல்லாம் வரிசையா வந்து உக்காந்தாவ, இந்தா நீங்க உக்காந்திருக்கியளே, இதே மாதிரி. ஆவுடை தல இலைய எடுத்து விரிச்சா. பேத்திய உக்கார வச்சா. பக்கத்துல தானும் உக்காந்தா. ரெண்டு பேரும் சாப்பிட ஆரம்பிச்சாவ.

ஊர்ப் பெரியவரு வெள்ளைச்சாமி துண்ட உதறிக்கிட்டு வந்தாரு. "எந்திரிட்டி. ஆம்பளைக பசியோட இருக்கோம், ஒனக்கு முந்திச் சோறு கேக்குதோ?"

"எந்திரிக்க மாட்டேன். எம் மவ நின்னுக்கிட்டே செத்தா. நான் உக்காந்து திங்கேன்."

"நீயெல்லாம் ஒரு பொம்பளையா? முன்னுண்டாள்!"

அது வசவு. அந்தக் காலத்துல ஒரு பொம்பளைய அதுக்கு மேல வைய முடியாது. இருக்கவன் எல்லாம் சேர்ந்து கத்துனான். முன்னுண்டாள், முன்னுண்டாள்.

ஆவுடை ஒரு வா முழுங்கிட்டுச் சொன்னாளாம். "நல்லாக் கூப்பிடுங்க. எம் மவளுக்கு அந்தப் பேரு கிடைச்சிருந்தா உசிரோட இருந்திருப்பா."

அடுப்படியில வெள்ளைச்சாமி மருமவளே மாசமா நின்னுக்கிட்டு இருந்தா. அவ அகப்பையக் கீழ வச்சா. நடந்து வந்தா. ஆவுடை பக்கத்துல உக்காந்தா. அடுத்து ஒருத்தி. அடுத்து ஒருத்தி. ஆக்குன அத்தன பேரும் உக்காந்துட்டாளுவ. போட ஆளு இல்ல. வெள்ளைச்சாமி சுத்தி முத்திப் பாத்தாரு. பொறவு அவரே குனிஞ்சு அந்த அகப்பைய எடுத்தாரு.

அன்னையிலருந்துதான் நம்ம ஊர்ல ஆக்குனவளுக்கு முதப் பந்தி, போடுறது ஆம்பளை. ஆவுடை கிழவியாகி, பேத்தியக் கட்டிக் குடுத்து, அவ பெத்ததுகளையும் பாத்துட்டுத்தான் போனா. அடுப்படி ஓரத்துல அவளுக்குக் கல்லு நட்டாவ. வைஞ்ச வாயே கும்பிட்டுச்சு, முன்னுண்டாள் தாயேன்னு.

கதை முடிஞ்சுது. இப்ப நான் கேக்கேன், நீங்க சொல்லுங்க. ஆக்குனவளுக்குப் போட வேண்டிய முதல் இலைய இன்னைக்கு எங்க போட்டிய? கல்லுக்கு. கல்லு முன்னால பத்துக் கூட்டு, பாயாசம். அத வச்சுட்டு, கடமை முடிஞ்சுதுன்னு வரிசையா நீங்க உக்காந்துட்டிய. கல்லு திங்குமாலே? அந்தா பாரு, அடுப்படியில செல்லக்கனி. பொழுது விடிஞ்சதுலருந்து நிக்கா. வயித்துல பிள்ளை. அவ என்ன தின்னான்னு இங்க ஒருத்தனுக்குத் தெரியுமா? ஏலே முருகேசா, ஒம் பொண்டாட்டிதான, ஒனக்காவது தெரியுமா?

என்ன, இப்ப எவனும் 'ம்' கொட்டக் காணோம்?

எந்திரி. போயி அந்த அகப்பைய வாங்கு. ஏட்டி செல்லக்கனி, இங்க வா, இவன் இலையில உக்காரு. வெக்கமெல்லாம் படாத. நீ திங்கத நான் கண்ணால பாக்கணும். இந்தா இருக்கானுவளே, இவனுவளும் பாக்கணும்.