சர்வர் பிஸிங்க டீச்சர்

பூவன்பழத்தைக் குறுக்கே வெட்டிக் காட்டினால் பின்னக் கணக்கு எளிதில் புரிந்துவிடும், சார். எனக்கு அது முப்பத்தெட்டு வயதில்தான் புரிந்தது.

பரமத்தி வேலூர் பஸ் நிலையத்துக்கு எதிரில் பிரவுசிங் சென்டர் வைத்திருக்கிறேன். ஆசிரியர் தகுதித் தேர்வு அறிவிப்பு வந்தால் எல்லோரும் என் கடைக்குத்தான் வருவார்கள். டிப்ளமோ முடித்தவர்களுக்கு முதல் தாள், பி.எட். முடித்தவர்களுக்கு இரண்டாம் தாள். சான்றிதழை ஸ்கேன் செய்து, போட்டோ ஏற்றி அனுப்பினால் பத்து நிமிட வேலை.

சத்யபிரியா டீச்சர் முதல்முறை வந்த அன்று உண்மையிலேயே சர்வர் கிடைக்கவில்லை. இதைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். காத்திருந்தவர், மேசையில் கிடந்த பழைய வினாத்தாளைப் பார்த்தார். அரையைக் காலால் வகுத்தால் எவ்வளவு என்பதற்கு நான் அரைக்கால் என்று எழுதியிருந்தேன்.

"ஏனுங்கண்ணா, வகுக்கச் சொன்னாப் பெருக்கி வெச்சிருக்கீங்க?"

பக்கத்துப் பெட்டிக்கடையில் ஒரு பழம் வாங்கி வந்து, என் ஸ்கேலால் பாதியாக வெட்டினார்.

"இந்தப் பாதிக்குள்ள கால் பழம் எத்தனை இருக்குதுங்க?"

"ரெண்டுங்க."

"அவ்ளோதானுங்க."

ஏழாம் வகுப்பிலிருந்து எனக்குள் அடைத்துக் கிடந்த ஏதோ ஒன்று திறந்துகொண்டது. இப்பேர்ப்பட்டவரை நாற்பது பிள்ளைகளுக்குப் பங்கு போட்டால் ஆளுக்கு என்ன கிடைக்கும் என்று யோசித்தேன். வகுத்தல் எனக்கு அப்போது நன்றாக வந்துவிட்டது.

மறுநாள், "சர்வர் பிஸிங்க டீச்சர், நாளைக்கு வாங்க" என்றேன். பக்கத்துக் கடையில் பார்க்கட்டுமா என்று கேட்டார். எங்கே போனாலும் அதே சர்வர்தான் என்றேன். அது உண்மைதானே. அவருடைய அசல் சான்றிதழ்கள் என் டிராயரில் பத்திரமாக இருந்தன. அந்துருண்டைகூடப் போட்டு வைத்திருந்தேன்.

இருபத்து மூன்று நாள் வந்தார். சதவீதம், பரப்பளவு, பிள்ளைகள் ஏன் பெஞ்சுக்கு அடியில் போய் ஒளிகிறார்கள் என்பது வரைக்கும் பாடம் ஓடியது. கடைசித் தேதியை எப்படியும் நீட்டிப்பார்கள் என்பது ஊர் நம்பிக்கை. நானும் அதையே சொன்னேன். நீட்டிக்கவில்லை.

"மூணு வருசமா இதுக்குத்தானுங்கண்ணா படிச்சேன்" என்று டீச்சர் அழுதார். எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. ஒரு பழம் வாங்கி, பாதியை அவருக்குக் கொடுத்தேன்.

அதோடு முடிந்திருக்கும். போன வாரம் முடிவு வந்தது. தீபிகா என்று டீச்சருக்குத் தெரிந்த ஒரு பெண் தன் முடிவைப் பார்க்கக் கடைக்கு வந்தவள், என் திரையை எட்டிப் பார்த்துவிட்டு டீச்சருக்குப் போன் போட்டுவிட்டாள். "அக்கா, கடைக்கார அண்ணன் பாஸுங்க!"

ஆமாம் சார். பதினாறு வருஷத்துக்கு முன்பே டிப்ளமோ முடித்தவன் நான். இரண்டு முறை எழுதி, இரண்டு முறையும் கணக்கில் போனது. சர்வர் பிஸி என்று சொன்னேனே, அன்று அது பிஸியாக இருந்ததும் என் விண்ணப்பத்துக்காகத்தான். ஒரு எழுத்துப் பிழைகூட இல்லாமல் போய்ச் சேர்ந்தது.

வேண்டுமென்றே செய்தேனா என்று கேட்டீர்கள். வேண்டுமென்றேதான் செய்தேன். எழுதிக்கொள்ளுங்கள்.

ஆனால் ஒன்று புரியவில்லை. தன்னிடம் படித்தவன் தேறிவிட்டால் ஆசிரியர் சந்தோஷப்பட வேண்டும். டீச்சரோ புகார் கொடுத்திருக்கிறார். அந்த ஒரு பாடம் மட்டும் அவருக்கு இன்னும் வரவில்லை. அடுத்த அறிவிப்பு வந்ததும் தினமும் கடைக்கு வரச் சொல்லுங்கள், நான் சொல்லித் தருகிறேன்.