சுவரொட்டியில் இருந்த பையன்

— (பையனின் பேரைச் சொன்னால் போதும், இந்தப் படம் என் கைக்கு வந்துவிடும். நாற்பது வருஷமாகக் கூப்பிட்ட பேர்தான். இன்றைக்கு மட்டும் வாயில் வரமாட்டேன் என்கிறது.)

— என்ன நெஸாஹத் பெரியம்மா, மறுபடியும் சிலையாட்டம் உட்கார்ந்துட்டீங்க? கையை நீட்டுங்க. எலுமிச்சைக் கொலோன், ரெண்டே சொட்டு. எங்க கேலரிக்கு வந்தவங்க கை மணக்காமப் போகக் கூடாது.

— போதும் பெரிஹான், போதும். குளிப்பாட்டியே விட்டுட்டே.

— டீயும் வெச்சிருக்கேன். வேணாம்னு மட்டும் சொல்லாதீங்க, சத்தியமா எனக்குக் கோபம் வரும். நாலு நாளா வர்றீங்க, நாலு நாளும் இந்த ஒரு படத்து முன்னாடியே இருக்கீங்க. சுவர்ல இருக்கிற மத்த முந்நூறு பேருக்கும் உங்க மேல வருத்தம்.

— எனக்கு முட்டி வலி. நாற்காலி இங்கதானே போட்டிருக்கு.

— உங்களுக்காகத்தான் முந்தாநாள் நான் இழுத்துப் போட்டேன்! நல்லா இருக்கே கதை.

— அப்படியா. நீ போட்டதா. தெரியலை மகளே.

— சும்மா சொன்னேன், டீயைக் குடிங்க. ஆனா இந்தப் பயல் மூஞ்சியைப் பார்த்தீங்களா? வெள்ளை அங்கி, இறகு வெச்ச தொப்பி, கையில செங்கோல். சுன்னத்துக்கு முன்னாடி ராஜா வேஷம் போட்டு ஸ்டூடியோவுக்குக் கூட்டிட்டு வந்துட்டாங்க. அடுத்து என்ன நடக்கும்னு பயலுக்குப் புரிஞ்சுபோச்சு. அதான் அந்த முறைப்பு.

— பயம் இல்லை. தொப்பி பெருசு, கண்ணை மறைச்சுது. கழட்டுன்னு அடம். அவங்கப்பா ஒரு அதட்டல் போட்டார்.

— உங்களுக்கு எப்படி... பெரியம்மா? உங்க பிள்ளையா?

— ஆமா.

— அல்லாஹ்வே! நாலு நாளா வாயைத் திறக்காம இருந்தீங்களே! ஊர் பூரா சுவரொட்டியில இவன் முகத்தைத்தான் ஒட்டியிருக்கோம். வழக்கமா இங்க கம்பளமும் பீங்கானும் மாட்டுவோம், பத்துப் பேர் வந்தா அதிசயம். இவனைப் பார்க்க மெர்சின் ஊரே திரண்டு வந்துச்சு. நிலநடுக்கத்துல விழுந்த அந்த ஸ்டூடியோ இடிபாட்டைத் தோண்டினப்போ முதல்ல கையில வந்தது இவன் படம்தான், தெரியுமா? கீழே பாருங்க, பொம்மை லாரி, மிட்டாய், கம்பளிக் கையுறை. குழந்தைக்குக் குளிருமேன்னு யாரோ பின்னிக் கொண்டுவந்து வெச்சிருக்காங்க.

— பார்த்தேன். நேத்து ஒரு டீச்சர் அம்மா முட்டி போட்டு அழுதாங்க. எனக்கும் கைக்குட்டை கொடுத்தாங்க.

— வாங்கினீங்களா?

— வாங்கிட்டேன். இன்னும் பையில இருக்கு.

— இன்னிக்குக் கடைசி நாள் பெரியம்மா. பேரைச் சொன்னீங்கன்னா படத்துக்கு அடியில எழுதி, ஒரு பிரதி இங்க வெச்சுட்டு, அசலை உங்க கையில கொடுத்துடுவேன். பேர் தெரியாததெல்லாம் பெட்டிக்குள்ள போயிடும். நிலநடுக்கத்துல உங்க வீடு...?

— ஒண்ணும் மிச்சமில்லை. ஆல்பமும் போச்சு. இவனோட சின்ன வயசுப் படம் உலகத்துல இது ஒண்ணுதான்.

— அப்புறம் என்ன யோசனை? மனசு தாங்கலையா? எந்த இடத்துல... எப்போ கிடைச்சார்?

— சாகலை. இருக்கான்.

— இருக்காரா! அட, பொம்மை லாரியெல்லாம் வெச்சு அழுதோமே! போன் போடுங்க, உடனே வரச் சொல்லுங்க. இறகுத் தொப்பி தேடி வைக்கிறேன்.

— வர முடியாது மகளே. தூரம்.

— ஜெர்மனியா? எல்லாரும் அங்கதான் ஓடுறாங்க. போகட்டும், உயிரோட இருக்காரே. அதோ, வாசல் பக்கம், பட்டமளிப்பு அங்கியில சிரிக்கிறாளே, என் தங்கச்சி ஃபெய்ஸா. அஞ்சாவது மாடியில இருந்தா. பதினோரு நாள் நானும் இடிபாட்டுக்குப் பக்கத்துலேயே நின்னேன். கடைசியில வளையலை வெச்சுத்தான் அது அவதான்னு சொன்னேன்.

— எந்தக் கட்டடம்?

— மாதுளம்பூ குடியிருப்பு. பக்கத்து வீட்டுல ஓடுகூட நழுவலை பெரியம்மா. கீழே கடை பெருசா வேணும்னு ரெண்டு தூணை வெட்டியிருக்கான் கட்டினவன். கோர்ட்ல கேட்டா விதிங்கிறான்.

— நீ கோர்ட்டுக்குப் போனியா?

— ஒரே தடவை. ஜெயில்ல இருந்தே அவனைத் திரையில காட்டினாங்க. நான் தலையைத் தூக்கலை. அந்த முகத்தைப் பார்த்தா அதோடதான் தினமும் படுக்கணும். பேர் மட்டும் காதுல விழுந்துச்சு. அது போகவே மாட்டேங்குது.

— (இவள் கை என் தோள்மேல் இருக்கிறது. எடுக்கச் சொல்லவும் முடியவில்லை, வைத்திருக்கவும் முடியவில்லை. நான் இந்த டீயைக் குடித்திருக்கக் கூடாது.)

— பாருங்க, உங்களையும் அழ வெச்சுட்டேன். நான் ஒரு லூசு. இந்தாங்க பேனா. வேணாமா? சரி, நீங்க சொல்லுங்க, நான் எழுதுறேன். ஃபெய்ஸாவுக்கு துஆ கேட்கிறப்போ இனிமே உங்க பிள்ளைக்கும் சேர்த்துக் கேட்கிறேன், தூர தேசத்துல நல்லா இருக்கட்டும்னு. பேர் என்ன, பெரியம்மா?

— வேணாம் மகளே, எழுதாதே, பெட்டியிலேயே போட்டுடு. மாதுளம்பூவுக்கு அடித்தளம் தோண்டின அன்னிக்கு ஆடறுத்து, அந்த ரத்தத்தை என் நெத்தியில தொட்டு வெச்சு, ‘அம்மா, இது நான் கட்டுற முதல் வீடு’ன்னு சொன்னவன் இந்தப் பிள்ளைதான்.