சுவிசுக்கு வந்தும் வீட்டை வராதவை

பேஸ்புக்கில இருந்து படத்தை அழிக்கச் சொல்லிக் கேக்கிறியள், சரி மச்சான், முதல் அந்த ஜக்கெட்டைக் கழட்டுங்கோ. கனடாவில, இந்த மில்லிக்கன் வீட்டிலயும் ஹீற்றர் இருக்கு. உங்கட தங்கச்சி றோசலின் மேல அறையில நிக்கிறா. நீங்கள் வந்தது தெரியும். இறங்கி வருவாவோ தெரியாது. அதுவரைக்கும் நீங்கள் என்னைத்தான் பொறுக்கவேணும்.

ஓம், ரெண்டு கிழமை சுவிசில நிண்டனாங்கள். ஒளிக்கேல்லையே. ஒளிக்கிறவை ஏரிக்கரையில பல்லெல்லாம் தெரியச் சிரிச்சு பேஸ்புக்கில போடுவினமோ? உங்கட ஆக்கள் போன் அடிச்சு, தங்கச்சி வந்தவவாம், உங்கட வீட்டை வரேல்லையோ எண்டு கேட்டவை. உங்களுக்கு மரியாதை போயிட்டுது. விளங்குது.

என்ன பாக்கப் போனனியள் எண்டு கேக்கிறியளோ? முப்பது வருசமா துன் நகரத்தில இருக்கிற ஆள் கேக்கிற கேள்வியே உது? முதல் முறை நாங்கள் வரேக்க என்ன பாத்தனாங்கள் எண்டு நினைவிருக்கோ? சோபா. உங்கட சோபா, உங்கட கூட்டாளிமாரின்ர சோபா, அவையின்ர சகலன்மாரின்ர சோபா. எல்லா வீட்டிலயும் றோல்ஸ், கட்லட், பிள்ளையள் பெரியபிள்ளையான சாமத்தியவீட்டு அல்பம். அல்ப்ஸ் மலையை நான் உங்கட குசினி ஜன்னலால பாத்தனான், மீன் பொரிக்கிற புகைக்குள்ளால.

அதாலதான் இந்தமுறை ஹோட்டல் எடுத்தது. பிரியன்ஸ் எண்டு ஒரு ஊர், மரம் செதுக்கிற ஊர். அதைப் படிப்பிக்கப் பள்ளிக்கூடமே இருக்கு. உங்கட வீட்டில இருந்து ரயிலில ஒரு மணித்தியாலம் வருமோ என்னவோ. போனதில்லையோ? நினைச்சனான். நீங்கள் எங்களுக்குக் கொண்டுவந்து தந்த மாட்டு மணியின்ர அடியில எந்த நாட்டுப் பேர் ஒட்டியிருந்ததெண்டு வாசிச்சனியளோ? நான் வாசிச்சனான். கண்டதெல்லாம் வாசிக்கிறது எனக்கொரு நோய்.

அங்க ஒரு மனுசன் மாட்டின்ர காதைச் செதுக்கிக்கொண்டிருந்தார். ஒரு காதுதான், பின்னேரம் முழுக்க. உங்கட தங்கச்சி அசையாமல் நிண்டு பாத்தவ. வேலை செய்யிற பக்டறி லைனைத் தவிர வேறொரு இடத்திலயும் அவ அவ்வளவு நேரம் நிண்டு நான் கண்டதில்லை.

நானோ? நான் உங்கட தங்கச்சியைப் பிரிச்சு வைக்கிறனோ? சைவக்காரன், உங்கட கிறிஸ்தவக் கோயிலில தாலி கட்டாமல் றெஜிஸ்ரர் ஒப்பீசில கட்டினவன், அப்பிடித்தான் செய்வன். அதுக்குப் பிறகும் நத்தாருக்கு நத்தார் நீங்கள் போன் எடுத்து கிறிஸ்மஸ் வாழ்த்துச் சொல்லுறது பெரிய மனசுதான்.

ஆனா வீட்டை வரேல்லை எண்டு ஆர் சொன்னது?

வந்தனாங்கள். ஞாயிற்றுக்கிழமை, சொல்லாமல். அண்ணை திடுக்கிடட்டும் எண்டு அவவின்ர ஆசை. சீலை உடுத்தவ. உங்கட மகள் ஸ்டெபனிக்கெண்டு பிரியன்ஸில வாங்கின மரப்பெட்டி கையில. உங்கட வாசல் நிறையச் சப்பாத்து, கதவு பாதி திறந்து கிடந்தது. உள்ளுக்க ஸ்டெபனியைப் பொம்பிளை பாக்க மாப்பிளைப் பகுதி வந்திருந்தவை. அதில ஒரு மனுசி கேட்டவ, உங்களுக்குக் கூடப்பிறந்தவை ஒருத்தரும் இல்லையோ எண்டு.

தண்ணி வேணுமோ மச்சான்?

ஒரு தங்கச்சி இருந்தவள், சின்னனிலயே நெருப்புக்காய்ச்சலில செத்துப்போனாள் எண்டனியள். நோயின்ர பேரையும் சேத்துச் சொன்னனியள், எனக்கு அது பிடிச்சது. விபரமில்லாத பொய் நிக்காது. அந்த மனுசி உச்சுக்கொட்டினவ. றோசலின் செருப்புக் கழட்டக் குனிஞ்சவ, அப்பிடியே நிமிந்து திரும்பி நடந்திட்டா. பெட்டியை மடியில வைச்சபடி பஸ்ஸில திரும்பினவ.

ஏரிக்கரைப் படம் அடுத்த நாள் எடுத்தது. எடுக்கச் சொன்னதும் அவ, போட்டதும் அவ. கீழ ஆரோ உங்கட பேரைப் போட்டு, இது கிறிஸ்துநாயகத்தின்ர தங்கச்சியெல்லே எண்டு எழுதியிருக்கினம், அதுக்கு விருப்பம் போட்டதும் அவதான். மாப்பிளைப் பகுதியின்ர கண்ணிலயும் பட்டிட்டுதாக்கும்.

எழும்பாதேங்கோ, படியில சத்தம் கேக்குது. படத்தை அழிக்கச் சொல்லி அவவிட்டை நீங்களே கேளுங்கோ. செத்த ஆக்களோட எப்பிடிக் கதைக்கிறதெண்டு எனக்குத் தெரியாது.