மூன்றாம் பக்கத்துக்குத் தள்ளப்பட்ட ஹீட்டர் புகார்

என் பெயர், தகப்பனார் பெயர், வீட்டு முகவரி ஆகியவற்றை முதல் தாளில் தனியாக எழுதிக் கொடுத்திருக்கிறேன். வயது முப்பத்திரண்டு. திருமணம் ஆகவில்லை. பல் மருத்துவமனைக்கு மேல்மாடியில் உள்ள விளம்பர அலுவலகம் ஒன்றில் ஆறு வருடமாக வேலை பார்க்கிறேன். சென்ற பதினோராம் தேதி காலை குளியலறையில் மின்சாரம் தாக்கி இறந்துபோனவர் என் உடன்பிறந்த அக்கா. எனக்கு இருந்தது அவள் ஒருத்திதான். அக்காவின் கணவர், அதாவது என் மாமா, இந்த நிலையத்தில் கொடுத்த புகாரில் குளியலறையில் மாட்டிய வெந்நீர் ஹீட்டர் கம்பெனியின் பெயர் மட்டும் இருக்கிறது, என் பெயர் இல்லை. அது இருக்க வேண்டும் என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

என் வேலை என்ன என்று ஆய்வாளர் இரண்டு முறை கேட்டதால் விவரமாகச் சொல்கிறேன். ஒரு பொருளின் பெயரை யாராவது இணையத்தில் தேடினால் முதல் பக்கத்தில் ஏறக்குறைய பத்து முடிவுகள் வரும், பெரும்பாலானவர்கள் அதோடு நிறுத்திக்கொள்வார்கள், மூன்றாம் பக்கம்வரை போகிறவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். கம்பெனிக்கு ஆகாத செய்தியை எங்களால் அழிக்க முடியாது. ஆனால் அதற்கு முன்னால் வந்து நிற்கும்படி வேறு பக்கங்களை எழுதிக் குவித்து, அதைப் பின்னால் தள்ள முடியும். இதில் நான் கெட்டிக்காரன் என்று அலுவலகத்தில் பெயர் வாங்கியிருந்தேன்.

இரண்டரை மாதத்துக்கு முன் தையல் வேலை செய்யும் ஒரு பெண் தன் வீட்டுக் குளியலறையில் எடுத்த வீடியோவைப் போட்டார். குழாயைத் தொட்ட அவருடைய கணவரை ஷாக் தூக்கி எறிந்து கை ஒடிந்திருந்தது. அந்தப் பெண் குழாயில் டெஸ்டரை வைத்துக் காட்டுகிறார், அதற்குள் இருக்கும் சிறிய விளக்கு எரிகிறது. "பாருங்க, எரியுது. வீட்டு வயரிங் சரியில்லைன்னு கம்பெனியில சொல்றாங்க. ஹீட்டரைக் கழட்டிட்டா எரிய மாட்டேங்குது," என்கிறார். வேறு எதுவும் பேசவில்லை. இரண்டு நாளில் அந்த வீடியோவைப் பல லட்சம் பேர் பகிர்ந்தார்கள், ஹீட்டர் கம்பெனியைத் திட்டித் தீர்த்தார்கள். அதன் பிறகு கம்பெனி எங்கள் அலுவலகத்துக்கு வந்தது.

எங்கள் மேலாளரை நாங்கள் ஜோசியர் என்று கூப்பிடுவோம், எந்தப் பக்கம் எந்தத் தேதியில் எத்தனாவது இடத்துக்கு ஏறும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுவார். அவர் எங்கள் பதினொரு பேரையும் உட்கார வைத்து, "திட்டுறவங்க ஒரு வாரத்துல வேற ஆளைத் திட்டப் போயிடுவாங்க. தேடுறவங்கதான் வாங்குறவங்க. அவங்களைப் பாருங்க," என்றார். அதன் பிறகு அறுபதுக்கு மேற்பட்ட பக்கங்கள் தயாராயின. மக்கள் அப்போது அதிகம் தேடியது, குழாயைத் தொட்டால் ஷாக் அடிப்பது ஏன் என்பதைத்தான். அந்தக் கேள்வி என் பங்குக்கு வந்தது.

அதற்கு நான் ஒரு குடும்பத் தலைவி எழுதியதுபோல் ஒரு பக்கம் எழுதினேன். குழாயைத் தொட்டால் லேசாகச் சுர்ரென்று இருக்கிறதா, இதே கம்பெனி ஹீட்டர் மாட்டிய எங்கள் வீட்டிலும் அப்படித்தான் இருந்தது, பயந்துவிட்டேன், பிறகு விசாரித்ததில் வறண்ட காலத்தில் உடம்பில் சேரும் மின்சாரம்தான் காரணம் என்று தெரிந்தது, ரப்பர் செருப்பு போட்டுக்கொண்டால் போதும் என்று எழுதினேன். எந்த எலக்ட்ரீஷியனிடமும் விசாரிக்கவில்லை. விசாரிக்கத் தோன்றவும் இல்லை. காலையில் உட்கார்ந்து மதியச் சாப்பாட்டுக்கு முன் முடித்துவிட்டேன். ஜோசியர் படித்துவிட்டு, அந்தம்மா வீட்டுக் காபியே குடித்ததுபோல் இருக்கிறது என்று எல்லோர் முன்பும் பாராட்டினார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

ஒரு பக்கம் எத்தனாவது இடத்தில் இருக்கிறது என்பதை அலுவலகக் கணினியில் பார்த்தால் சரியாகத் தெரியாது. நாங்கள் நாள் முழுக்க எங்கள் பக்கங்களையே திறப்பதால் அது எங்களுக்குப் பிடித்ததையே மேலே காட்டும். அதனால் வெளியாள் ஒருவரின் போனில் தேடச் சொல்லிக் கேட்போம். அப்படித் தேடுகிறவர் எங்கள் பக்கத்தைத் திறந்து இரண்டு நிமிடமாவது படித்தால், அந்தப் பக்கத்துக்கு மதிப்புக் கூடி இன்னும் ஏறும் என்பதும் எங்கள் கணக்கு. மற்றவர்கள் நண்பர்களைப் பிடித்தார்கள். நான் அக்காவைப் பிடித்தேன்.

அக்கா தினமும் மகளைப் பள்ளிக்கு அனுப்பியபின் நான் சொன்ன வார்த்தைகளைத் தேடி, என் பக்கத்தைத் திறந்து, மெதுவாக அடிவரை படித்துவிட்டு, அதுவும் அந்த வீடியோவும் எத்தனாவது இடத்தில் இருக்கின்றன என்று எனக்குப் போனில் சொல்வாள். எதற்கு என்று முதல் நாள் கேட்டாள், சும்மா ஆபீஸ் விஷயம், அந்த வீடியோவைப் பின்னால் தள்ள வேண்டும், அது வெறும் வயரிங் கோளாறு என்றேன். "உன் ஆபீஸ்ல வேலை பாக்குறது நீயா நானாடா?" என்று கேட்டுச் சிரித்தாள். அதன் பிறகு ஐம்பத்து மூன்று நாள் ஒரு நாள்கூட விடாமல் படித்தாள். மற்றவர்களின் ஆட்கள் திறந்து வைத்துவிட்டு வேறு வேலை பார்த்திருப்பார்கள். அக்கா எதையும் ஒப்புக்குச் செய்யத் தெரியாதவள், வரிவரியாகப் படித்தாள். "அந்தம்மா தெளிவா எழுதுறாங்கடா," என்று ஒருநாள் சொன்னாள். அந்தம்மா நான்தான் என்று நான் சொல்லவில்லை. சொன்னால், அதில் இருப்பது நிஜமா என்று அடுத்த கேள்வி கேட்பாள்.

சென்ற எட்டாம் தேதி காலை வழக்கம்போல் போன் செய்தவள், பழைய ஹீட்டர் போய்விட்டதால் நான்கு நாளைக்கு முன் புதிது மாட்டியதாகச் சொன்னாள். எந்தக் கம்பெனி என்று கேட்டேன். "தினமும் நாம படிக்கிறதுதான். இவ்வளவு பேர் நல்லா எழுதியிருக்காங்களே," என்றாள். பிறகு, "லேசா சுர்ருங்குது. அந்தம்மா எழுதினது மாதிரியே இருக்கு. இவருகிட்ட சொல்லல, சொன்னா கழட்டிப் போட்டுட்டு உக்காருவாரு," என்றாள். உடனே சுவிட்சை அணை என்று சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அப்போது ஜோசியர் என் மேசைக்கு எதிரில் வந்து, இன்றைய நிலவரம் என்ன என்று கையால் கேட்டபடி நின்றுகொண்டிருந்தார். நான், "எலக்ட்ரீஷியனை ஒரு தடவை வரச் சொல்லுக்கா," என்று மட்டும் சொன்னேன். அதன் பிறகு அந்தத் தையல்காரப் பெண்ணின் வீடியோ எத்தனாவது இடத்தில் இருக்கிறது என்று கேட்டேன். "ரெண்டாவது பக்கத்துலயும் இல்லடா, மூணாவதுக்குப் போயிடுச்சு. ஜெயிச்சிட்ட," என்றாள். அடுத்த இரண்டு நாளும் போன் செய்தாள். நான் ஹீட்டரைப் பற்றிக் கேட்கவில்லை.

பதினோராம் தேதி காலை எட்டே காலுக்கு மாமா போன் செய்தார். பக்கத்து வீட்டுக்காரர்தான் போனை வாங்கி விஷயத்தைச் சொன்னார். நான் போனபோது கதவை உடைத்து அக்காவைக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். ஒரு காலில் ரப்பர் செருப்பு இருந்தது, இன்னொன்று குளியலறையில் தண்ணீரில் கிடந்தது. செருப்பு போட்டுக்கொண்டு ஏன் குளிக்கப் போனாள் என்று மாமா வந்தவர்களிடமெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். அங்கே அதற்குப் பதில் தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு மாமா நடந்ததை எழுதி அக்காவின் படத்தோடு இணையத்தில் போட்டார். மறுநாள் அலுவலகத்திலிருந்து எல்லோருக்கும் ஒரு பட்டியல் வந்தது, புதிய புகார் ஒன்று கிளம்பியிருப்பதாகவும் அது சம்பந்தமான வார்த்தைகளுக்குப் பக்கங்கள் தேவை என்றும் இருந்தது. முதல் வார்த்தை என் அக்காவின் பெயர். ஜோசியருக்கு அது யார் என்று தெரியாது. நான் அன்றே வேலையை விட்டு நின்றுவிட்டேன். ஆனால் புதிதாக யாரும் எதுவும் எழுத வேண்டிய தேவையே இருக்கவில்லை. ஏற்கெனவே எழுதியதே போதுமானதாக இருந்தது.

நேற்று மாமா என் அறைக்கு வந்தார். "மாப்ளே, நான் எழுதுனது யாரு தேடினாலும் வர மாட்டேங்குது. எவளோ ஒருத்தி எழுதுனதுதான் முன்னாடி வருது. உனக்குத்தான் இந்த வேலை தெரியுமே, கொஞ்சம் மேல கொண்டு வாயேன்," என்றார். நான் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து சாயங்காலம்வரை முயன்று பார்த்தேன், ஓரிடம்கூட நகரவில்லை. பதினொரு பேர் இரண்டு மாதம் செய்ததை ஒருவன் திருப்ப முடியாது. நான் எழுதிய பக்கத்தை அழிக்கவும் என்னால் முடியாது, அதன் கடவுச்சொல் அலுவலகத்திடம் இருக்கிறது, வேறு பலரும் அதை எடுத்துத் தங்கள் பக்கங்களில் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். மாமா என் தோளைத் தட்டி, "விடு, நீ என்ன பண்ணுவ பாவம்," என்றார்.

இப்போது மாமா வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். தன் புகாருக்குச் சாட்சி சொல்ல நான் வந்திருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறார். என் வாயால் அவரிடம் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. நான் எழுந்து போவதற்கு முன் இந்தத் தாள்களை அவர் கையில் கொடுத்துப் படிக்கச் சொல்லும்படி ஆய்வாளரைக் கேட்டுக்கொள்கிறேன்.

என்னை யாரும் மிரட்டவோ ஆசை காட்டவோ இல்லை, நான் சொன்னதைத்தான் எழுத்தர் எழுதியிருக்கிறார். எழுதியதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். ஐந்தாம் பத்தியில் குடும்பத் தலைவியின் பக்கத்தை அலுவலகத்தார் எழுதியதாகப் பதிவாகியிருந்தது, அதை அடித்துவிட்டு "நான் எழுதினேன்" என்று மாற்றச் சொன்னேன். மாற்றிய இடத்தில் என் சுருக்கொப்பம் இருக்கிறது. மற்றபடி எல்லாம் உண்மை.

(கையொப்பம்)