சி ஃபாரம்

வைதேஹி: மெதுவாப் பேசு. ஜன்னல் தொறந்திருக்கு.

டெல்பின்: மெதுவாத்தானே ஆண்டி பேசுறேன்...

வைதேஹி: இதுவா மெதுவா? எதிராத்து சர்மாஜி காது நம்ம சமையல்கட்டு வரைக்கும் நீளும். மொதல்ல அதைச் சாத்து. ம்... இப்ப சொல்லு. போன்ல யாரு?

டெல்பின்: போலீஸ்.

வைதேஹி: என்னது?

டெல்பின்: போலீஸ்காரர் ஒருத்தர். ஸ்டேஷன்லேருந்து. பதினோரு மணிக்கு வர்றாராம்.

வைதேஹி: எங்க?

டெல்பின்: இங்கதான்.

வைதேஹி: ஈஸ்வரா! என்னடி பண்ணித் தொலைச்சே?

டெல்பின்: ஒண்ணும் பண்ணலை ஆண்டி. விசா நீட்டிக்கச் சொல்லி எழுதிப் போட்டிருந்தேன்ல... அதுக்கு வீட்டைப் பாக்க வராங்க. நான் நெசமாவே இங்கதான் தங்கியிருக்கேனான்னு.

வைதேஹி: எழுதிப் போட்டியா? எப்படிப் போட்டே? ஓனர் சி ஃபாரம் குடுக்காம விசா ஆபீஸ்ல எதையும் வாங்க மாட்டான்னு ரெண்டு மாசமா என் உயிரை வாங்கினது நீதானே? நான் இன்னும் அந்தச் சனியனைத் தொடவே இல்லையே!

டெல்பின்: நானே போட்டுட்டேன்.

வைதேஹி: என்னத்தை?

டெல்பின்: சி ஃபாரம். வெளிநாட்டுக்காரி ஒருத்தி வீட்ல தங்குனா இருபத்துநாலு மணி நேரத்துல ஓனர் போலீசுக்குத் தெரியப்படுத்தணும் ஆண்டி. நான் வந்து எட்டு மாசம் ஆச்சு. எத்தனை தடவ கேட்டேன்? ஒரு தடவ சர்வர் டவுன்னீங்க...

வைதேஹி: டவுனாத்தான் இருந்தது.

டெல்பின்: அடுத்த தடவ, அங்கிள் டூர் போயிருக்காரு, அவர் கையெழுத்து வேணும்னீங்க. மொத கவுஹாத்தி. அப்பறம் ராஞ்சி. அப்பறம் மறுபடியும் கவுஹாத்தி. அங்கிள் என்னா, பிளேன் ஓட்டுறாரா?

வைதேஹி: வாயப் பாரு. உத்தியோகம்னா அப்படித்தான்.

டெல்பின்: எட்டு மாசத்துல ஒரு நாள் கூட நான் அவரைப் பாத்ததில்லலா.

வைதேஹி: அந்த மலேசியா ‘லா’வைக் கொஞ்சம் ஈப்போலயே வெச்சுட்டு வந்திருக்கக் கூடாதா? இரு, பேச்சை மாத்தாதே. யார் பேர்ல போட்டே?

டெல்பின்: அங்கிள் பேர்லதான்.

வைதேஹி: எந்த... உனக்கு அவர் பேரு எப்படித் தெரியும்? நான் சொல்லலையே.

டெல்பின்: நீங்கதான் புருஷன் பேரை வாயால சொல்லவே மாட்டீங்களே. ‘அவர்’, ‘அவர்’தான். வெளிய போர்டுல எழுதியிருக்குல்ல... எம். பரமசிவம்னு? ஃபிரிட்ஜ் மேல இருந்த கரண்டு பில்லுலயும் அதே பேருதான். பில்லைப் போட்டோ எடுத்து ஏத்திட்டேன்.

வைதேஹி: பரமசிவம்னா போட்டே?

டெல்பின்: ஆண்டி, உக்காருங்க. மொகமெல்லாம் வெளுத்துப் போச்சு. காலைல பசியாறுனீங்களா இல்லையா?

வைதேஹி: தண்ணி குடு... போதும். போன் நம்பர்? ஓனர் நம்பர்னு எதைக் குடுத்தே?

டெல்பின்: என்னோட ரெண்டாவது சிம்மு. அதுலதான் இப்ப கூப்பிட்டாரு. ‘பரமசிவம்ஜி?’ன்னு கேட்டாரு. வீட்ல இல்லைன்னேன். நீ யாருன்னாரு. தங்கியிருக்கற பொண்ணுன்னேன்.

வைதேஹி: அரே, தங்கியிருக்கற பொண்ணா! வாடகைக்குன்னு சொன்னியா?

டெல்பின்: இல்லை. அவரும் கேக்கலை.

வைதேஹி: கேப்பான். வந்தா அதைத்தான் மொதல்ல கேப்பான். கேளு டெல்பின், இது ஒண்ணும் மத்த வீடு மாதிரி இல்லை. கவர்மென்ட் குவார்ட்டர்ஸ். இந்த டெல்லி கிட்வாய் நகர்ல, யார் பேருக்கு வீடு அலாட் ஆயிருக்கோ அவாளும் அவா குடும்பமும்தான் இருக்கலாம். வெளியாளுக்கு வாடகைக்கு விட்டது தெரிஞ்சா அலாட்மென்ட் கேன்சல். சாமானைத் தூக்கி வாசல்ல வெச்சுடுவான். அலாட் ஆனவன் வேலைக்கே ஆபத்து.

டெல்பின்: இதை முன்னாடியே சொல்லியிருக்கலாம்தானே?

வைதேஹி: சொல்லியிருந்தா நீ வந்திருப்பியா?

டெல்பின்: வந்திருக்கவே மாட்டேன்.

வைதேஹி: அதான் சொல்லலை.

டெல்பின்: என்னா ஆண்டி இது... நான் மலேசியா பாஸ்போட்டு. எனக்கு ஒரு சரியான அட்ரஸ் இல்லன்னா விசா இல்லை, விசா இல்லன்னா பிஎச்.டி. வைவா இல்லை. அடுத்த மாசம் பதினெட்டாந்தேதி வைவா. அஞ்சு வருஷமா யமுனைத் தண்ணியப் பாட்டில்ல புடிச்சுப் புடிச்சு மூக்கே செத்துப்போச்சு. இப்ப வெளிய போன்னு அனுப்பிட்டாங்கன்னா திரும்பி உள்ள விட மாட்டாங்க. எல்லாம் போச்சு. எங்கம்மா ஈப்போல கேண்டீன் நடத்தி என்னைப் படிக்க வச்சாங்க, அவங்ககிட்ட என்னான்னு சொல்லுவேன்?

வைதேஹி: அழாதே. அழுதா கண்ணு செவந்துடும், வரவன் என்னமோ ஏதோன்னு நெனப்பான். இன்னும் விசா முடிய நாலு நாள் இருக்கோன்னோ? அவனை அப்பறம் வரச் சொல்லேன். ரெண்டு நாள் கழிச்சு.

டெல்பின்: முடியாது.

வைதேஹி: ஏன் முடியாது? இருபத்தஞ்சு வரைக்கும் இருக்குன்னியே.

டெல்பின்: வங்கில என் கணக்கை வேற நிறுத்திட்டாங்க ஆண்டி. புது விசா காப்பி குடுத்தாத்தான் தெறப்பாங்களாம். விசா ஆபீஸ்ல போனா ஆறு மாசத்துக்கு வங்கி ஸ்டேட்மென்ட் கொண்டான்னாங்க. ஸ்டேட்மென்ட் எடுக்கலாம்னு வங்கிக்குப் போனா, கணக்கு நின்னுபோச்சு, விசா கொண்டாம்மான்றான். அங்கயும் இங்கயும் நாலு தடவ அலைஞ்சுட்டேன். கடைசில லேப்ல என்கூட இருக்கற ஹம்சாதான் அவ கார்டுல ஃபீஸு கட்டுனா.

வைதேஹி: இரு, இரு. கணக்கை என்னிக்கு நிறுத்தினான்?

டெல்பின்: மூணாந்தேதி.

வைதேஹி: இன்னிக்கு இருபத்தொண்ணு. விசா உயிரோட இருக்கறச்சே வங்கிக்காரன் எதுக்குடி கணக்கை நிறுத்தினான்?

டெல்பின்: அது... அவங்க முன்கூட்டியே...

வைதேஹி: என்னைப் பாத்துச் சொல்லு.

டெல்பின்: ரெண்டாந்தேதியே முடிஞ்சுபோச்சு ஆண்டி.

வைதேஹி: பகவானே! பத்தொன்பது நாளா?

டெல்பின்: கத்தாதீங்க... சர்மாஜி...

வைதேஹி: சர்மாஜி கெடக்கான்! பத்தொன்பது நாளா விசா இல்லாத பொண்ணை ஆத்துல வெச்சுண்டு நான் பாட்டுக்கு இட்லிக்கு அரைச்சுண்டிருக்கேனா? நாலு நாள் இருக்கு, நாலு நாள் இருக்குன்னு கூசாமச் சொன்னியே!

டெல்பின்: பயந்துட்டேன். உங்ககிட்ட சொன்னா அன்னைக்கே பெட்டியத் தூக்கிட்டுப் போன்னு சொல்லிடுவீங்கன்னு... வெளிய ஆட்டோ நின்னாக் கூட என்னைப் பிடிக்கத்தான் வந்திருக்காங்கன்னு தோணுது. மெட்ரோல பையை செக் பண்றாங்கல்ல, அதுக்குப் பயந்து பஸ்லதான் போறேன். மூணு வாரமா லேபுக்கும் சரியாப் போகலை.

வைதேஹி: இந்தப் போலீஸ்காரனுக்கு இது தெரியுமா?

டெல்பின்: தெரியும். அபராதமும் சேத்துத்தான் கட்டியிருக்கேன், ஏன் லேட்டாச்சுன்னு காரணமும் எழுதியிருக்கேன். வீட்டு விசாரணை சரியா இருந்தா விசா குடுத்துடுவாங்களாம். சரியா இல்லன்னா, நாட்டை விட்டுப் போன்னு ஆர்டரு. அதான் தள்ளிப்போட முடியாதுன்னேன். இன்னைக்கு அவர் என்ன எழுதுறாரோ அதான்.

வைதேஹி: மணி என்ன?

டெல்பின்: பத்தரை ஆகப்போகுது.

வைதேஹி: எழுந்திரு. ஜல்தி. உன் ரூம் கதவுல பூட்டு தொங்கறது பாரு. குடும்பத்துல யாராவது உள் ரூமுக்கு வெளிப்பூட்டு போடுவாளா? பாத்த உடனே வாடகைன்னு தெரிஞ்சுடும். கழட்டு.

டெல்பின்: நீங்கதானே வாங்கிக் குடுத்தீங்க.

வைதேஹி: தப்புதான். கழட்டு. ரைஸ் குக்கரை என் அடுப்பு பக்கத்துல கொண்டு வை. ஒரு ஆத்துல ரெண்டு சமையல் இருக்கப்படாது. மாதா படம்...

டெல்பின்: மாதாவை எடுக்க மாட்டேன்.

வைதேஹி: நான் எங்க எடுக்கச் சொன்னேன்? எங்காத்து சுவாமி ரூம்ல வை. என் தங்கை பொண்ணுன்னு சொல்லிடலாம். தங்கை வேதக்காராத்துல கல்யாணம் பண்ணிண்டா, மலேசியா போனா, நீ பொறந்தே.

டெல்பின்: உங்க தங்கச்சி பேரு?

வைதேஹி: எனக்குத் தங்கையே கெடையாது.

டெல்பின்: ஐயோ ஆண்டி...

வைதேஹி: உங்கம்மா பேரு என்ன?

டெல்பின்: பிலோமி.

வைதேஹி: பிலோமியா? ஐயர் ஆத்துல பொறந்து பிலோமியா... போறது, கல்யாணத்துக்கு அப்பறம் மாத்திண்டா.

டெல்பின்: சிரிக்காதீங்க. எனக்கும் சிரிப்பு வருது, அழுகையும் வருது.

வைதேஹி: நான் எங்கடி சிரிக்கறேன்? பல்லு கிடுகிடுங்கறது. டெல்பின், நான் ஒண்ணு சொல்றேன் கேக்கறியா? நான் மலை மந்திர் கோவிலுக்குப் போயிட்டு வந்துடறேன். நீ மாத்திரம் இரு. ஆண்டி வெளிய போயிருக்கா, எப்ப வருவான்னு தெரியாதுன்னு...

டெல்பின்: என்னைத் தனியா விட்டுட்டா? போலீஸ்கிட்டயா?

வைதேஹி: அரை மணி நேரம்தானே...

டெல்பின்: நீங்க இல்லன்னா விசாரணையே இல்லை ஆண்டி! அவர் பாக்க வர்றது உங்களைத்தான். வேணாம் ஆண்டி, கால்ல விழறேன்.

வைதேஹி: அபசாரம், எழுந்திரு! கால்ல எல்லாம் விழாதே.

டெல்பின்: அப்பன்னா அங்கிளுக்கு ஒரு போன் போடுங்க. அவர் ஒரு வார்த்தை போலீஸ்காரர்கிட்ட பேசுனாப் போதும். கவர்மென்ட் ஆபீசர் பேசுனா கேப்பாங்க.

வைதேஹி: எடுக்க மாட்டார்.

டெல்பின்: நேத்து ராத்திரி எடுத்தாரே. ‘அங்க குளிரும், கம்பளியப் போத்திக்கோங்கோ’ன்னு நீங்க சொன்னது எனக்குக் கேட்டுச்சு.

வைதேஹி: ஒட்டுக் கேட்டியா?

டெல்பின்: சுவரு மெல்லிசு ஆண்டி. நான் என்னா செய்ய? குடுங்க, நானே பேசறேன். ஃபாரத்துல உங்க பேரைப் போட்டதுக்கு மன்னிச்சுடுங்க அங்கிள்னு சொல்லிடறேன். திட்டட்டும், பரவால்லை.

வைதேஹி: போனைத் தொடாதே!

டெல்பின்: ஏன் இப்படிக் கோபப்படறீங்க... என்னைவிட நீங்கதான் பயப்படறீங்க. விசா இல்லாதது எனக்குத்தானே? ஆண்டி, பெல்லு.

வைதேஹி: கேட்டுது.

டெல்பின்: பதினொண்ணு கூட ஆகலையே... சரி. சரி. ஒண்ணும் ஆகாது. நான் பயத்துல உங்ககிட்ட முழுசாச் சொல்லலை. அவர் போன்லயே சொல்லிட்டாரு. ‘பரமசிவம்ஜி இல்லன்னா அவர் சம்சாரம் இருந்தாப் போதும். அவங்க ஆதார்ல புருஷன் பேரைப் பாத்துட்டு, ஒரு கையெழுத்து வாங்கிட்டு அஞ்சு நிமிஷத்துல போயிடுவேன்’னாரு. அவ்வளவுதான். தங்கச்சி கதையெல்லாம் வேணாம். வாடகைன்னு எங்கயும் எழுதலை நான், குடும்ப நண்பர்னுதான் போட்டிருக்கேன். நீங்க ஆதாரைக் காட்டுங்க, கையெழுத்துப் போடுங்க. எனக்காக இது ஒண்ணு மட்டும் செய்யுங்க ஆண்டி. இதோ, மறுபடியும் அடிக்கறாரு... போங்க.

வைதேஹி: ஆதார்ல சுந்தரேஷ்னு இருக்குடி. என் ஆத்துக்காரர் சுந்தரேஷ். அவர் காலமாகி நாலு வருஷம் ஆறது. ராத்திரி நான் பேசறேனே, அந்தப் பக்கம் யாரும் இல்லை. பொம்மனாட்டி தனியா இருக்கான்னு உனக்கும் தெரிய வேண்டாம், சர்மாஜிக்கும் தெரிய வேண்டாம்னு பேசுவேன், அப்பறம் அதுவே பழகிப் போயிடுத்து. ஒண்ணாந்தேதி ஒண்ணாந்தேதி ஸ்கூட்டர்ல ஒருத்தர் வருவார் பாரு, ஆத்துக்காரரோட ஆபீஸ் ஃப்ரெண்டுன்னு உன்கிட்ட சொல்லியிருக்கேன், போன மாசம் நீதான் காபி கலந்து குடுத்தே... அவர்தான் பரமசிவம். இதே டெல்லில, துவாரகால சொந்த ஃப்ளாட்டுல இருக்கார். இந்தக் குவார்ட்டர்ஸை எனக்கு வாடகைக்கு விட்டிருக்கார், அதுல ஒரு ரூமை நான் உனக்கு விட்டிருக்கேன். இப்ப நீயே சொல்லு டெல்பின், நான் யாரோட ஆதாரை எடுத்துண்டு போய்க் கதவைத் தொறக்கட்டும்?