சிட்டிபாபு எழுதிய சாட்சி

யாருடைய விடைத்தாளையும் முழுதாக வாசிக்காமல் நான் திருப்பிக் கொடுத்ததில்லை. இரும்புலியூரில் என்னிடம் படித்த பிள்ளைகளைக் கேட்டால் சொல்வார்கள். முப்பத்திரண்டு வருடம் பள்ளிக்கூடத்தில் சிவப்பு மையில் திருத்தினேன். ஓய்வு பெற்ற பிறகு ஆன்லைன் வேதாகமப் படிப்பில் கணினியில் திருத்துகிறேன். அதனால்தான் இன்ஸ்பெக்டர் சுந்தரவல்லி கேள்வி கேட்கத் தொடங்கியதும், "நீங்க கேட்டுக் கேட்டு எழுத வேணாம் மேடம், பேப்பர் குடுங்க, நானே எழுதித் தரேன்" என்றேன். அடுத்தவர் எழுத்தில் பிழை இருந்தால் எனக்குப் பொறுக்காது.

என் பெயர் ரோஸி. வயது அறுபத்தொன்று. கணவர் ஏசுபாதம், ரயில்வேயில் இருந்தார், காலமாகிவிட்டார். காலமாகிவிட்டார் என்பது மரியாதைக்கு எழுதுகிற வார்த்தை. அவரை ஒரு தண்ணீர் லாரி அடித்துப் போட்டுவிட்டுப் போனது.

அது நான்கு வருடத்துக்கு முந்தைய நவம்பர், ஒரு வெள்ளிக்கிழமை. பல்லாவரம் சந்தையில் நல்ல எலுமிச்சங்கன்று கிடைக்கும் என்று யாரோ சொல்ல, நான்தான் அவரை நச்சரித்து அனுப்பினேன். திரும்பி வருகிற வழியில் மழை பிடித்துக்கொண்டது. டிவிஎஸ் வண்டியைப் பின்னால் இருந்து லாரி தட்டியது. நிற்கவில்லை. நம்பரை யாரும் பார்க்கவில்லை, அல்லது பார்த்ததாகச் சொல்லவில்லை.

ஆம்புலன்ஸில் வந்த நர்ஸ் எனக்கு ஒன்று சொன்னாள். "யாரோ ஒருத்தர்மா, காக்கிச் சட்ட போட்டுகினு இருந்தாரு. கொட்டுற மழைல ரோட்லயே உக்காந்து இவர் தலைய மடியில வெச்சு தண்ணி குடுத்துனு இருந்தாரு. பேரு கேக்கறதுக்குள்ள போய்ட்டாரு." ஆம்புலன்ஸில் என் கணவர் காலடியில் அந்த எலுமிச்சங்கன்றும் பையோடு இருந்தது. நான் கேட்டதைச் சாகும்போதும் விடாமல் பிடித்திருந்தார் என்று நினைத்துக்கொண்டேன். அதை வாசல் ஓரம் நட்டேன். இப்போது காய்க்கிறது.

அன்றிலிருந்து தினமும் காலையில் இரண்டு ஜெபம் செய்கிறேன். தண்ணீர் கொடுத்த அந்த மனிதருக்கு நீண்ட ஆயுசைக் கொடும் என்பது ஒன்று. லாரி ஓட்டினவனை என் கையில் கொடும் என்பது இன்னொன்று. இரண்டாவது ஜெபத்தைச் சபையில் யாரிடமும் சொன்னதில்லை.

படிப்பைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். வேதாகமமும் கிறிஸ்தவ ஊழியமும், இரண்டு வருடம், எல்லாம் கைபேசியிலேயே. ஆட்டோ ஓட்டுகிறவர், காட்டாங்குளத்தூர் காலேஜ் கேன்டீனில் வேலை செய்கிற அம்மா, தையற்கடைக்காரர் என்று ஒரு அணிக்கு நாற்பது பேர். மாலை ஆறு மணி வகுப்பைப் பாதிப் பேர் மின்சார ரயிலில் நின்றபடியே கேட்பார்கள். யாராவது மைக்கை அணைக்க மறந்து வீட்டில் ரசத்துக்குப் புளி போதவில்லை என்று சண்டை போட்டால் நாற்பது பேருக்கும் கேட்கும். சான்றிதழ் வந்தால் அவரவர் சபையில் பிரசங்கம் செய்ய விடுவார்கள். அதற்காகத்தான் இத்தனை பாடும்.

முதல் அசைன்மெண்ட் எல்லோருக்கும் ஒன்றே: 'என் சாட்சி'. நான் எப்படி இருந்தேன், கர்த்தர் எப்படி மாற்றினார் என்று எழுத வேண்டும். இதில் எங்கள் ஜனங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. பாவம் பெரிதாக இருந்தால்தான் சாட்சிக்கு எடுப்பு. மேடையில் ஒருவர் தினம் ஒரு பாட்டில் குடித்தேன் என்றால், அடுத்து ஏறுகிறவர் இரண்டு பாட்டில் என்பார். நல்லவனாகவே இருந்து இரட்சிக்கப்பட்டவனுக்கு அல்லேலூயா சொல்ல ஆள் இருக்காது. இதை நான் வகுப்பிலேயே கேலி செய்திருக்கிறேன்.

சிட்டிபாபு போன ஜூனில் சேர்ந்தான். தண்ணீர் லாரி ஓட்டுகிறவன், நாற்பத்தைந்து வயது. ஆறு வருடமாகச் சர்க்கரைக்கு ஊசி போட்டுக்கொள்கிறவன். டைப் அடிக்கத் தெரியாது. நோட்டில் எழுதிப் படம் எடுத்து அனுப்புவான். முதலில் அவன் அனுப்பிய சாட்சி, 'நான் குடிக்க மாட்டேன், பீடி கெடயாது, யார் வம்புக்கும் போவ மாட்டேன்' என்று தொடங்கியது. இப்படிப்பட்டவர்களுக்கென்று நான் ஒரு குறிப்பைத் தயாராக வைத்திருக்கிறேன். ஏழாம் எண் குறிப்பு. 'சாட்சி உங்கள் நற்செயலைச் சொல்வதற்கல்ல. கர்த்தர் உங்களை எந்தப் பாவக்குழியிலிருந்து தூக்கினார் என்று ஒளிக்காமல் எழுதுங்கள்.' அதைப் போட்டுத் திருப்பி அனுப்பினேன்.

ஒரு வாரம் கழித்து இரண்டாவது சாட்சி வந்தது. அதை எனக்கு மனப்பாடமாகத் தெரியும். 'வெள்ளிக்கெழம, நல்ல மழ. பல்லாவரம் தாண்டி டிவிஎஸ்ல போன ஒரு பெரியவர அடிச்சிட்டேன். வண்டிய நிறுத்தாம போய்ட்டேன். எலுமிச்சங்கன்னு ஒண்ணு ரோட்ல கெடந்துச்சு. இன்னிக்கும் அது கண்ணுலயே நிக்குது. இப்பேர்ப்பட்ட பாவிய கர்த்தர் தூக்கி எடுத்தாரு.'

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். அன்றைக்கு நான் அழவில்லை. எழுந்து போய் அடுப்பை அணைத்தேன், திரும்பி வந்து இன்னொரு முறை வாசித்தேன், நூற்றுக்குத் தொண்ணூற்றிரண்டு போட்டேன். 'உண்மையான சாட்சி. பாராட்டுகள்' என்று எழுதினேன். என் இரண்டாவது ஜெபம் கேட்கப்பட்டுவிட்டது. எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

போலீசுக்கு ஏன் போகவில்லை என்று கேட்டீர்கள். லாரி மோதிச் செத்தால் வழக்குக்குப் பெயர் கவனக்குறைவு. ஒரே வாரத்தில் ஜாமீனில் வந்து திரும்பவும் ஸ்டியரிங்கைப் பிடிப்பான். அவன் கவனக்குறைவாகச் செய்ததை நான் கவனமாகச் செய்ய வேண்டும் என்று தீர்மானித்தேன்.

இரண்டாம் பருவத்தில் ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு வழிகாட்டி உண்டு. சிட்டிபாபுவை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். அவனுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. எங்கள் தெருவில் தண்ணீர் வராத வாரத்தில் கேட்காமலே லாரியைக் கொண்டுவந்து நிறுத்தி, என் வீட்டுத் தொட்டியை நிரப்பினான். சர்க்கரை போடாமல் எலுமிச்சைச் சாறு கொடுத்தேன். குடித்துவிட்டு மரத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"எலுமிச்ச நல்லா வந்துகீது டீச்சர்" என்றான்.

அந்தத் துணிச்சலைக் கண்டு எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. போகும்போது தயங்கினான். "டீச்சர், அந்த சாட்சில ஒரு விசயம் சொல்லணும். நான் எழுதுனது முழுசா..."

"நியாயப்படுத்த வேணாம் பிரதர்" என்றேன். "நம்மள நாமே நியாயப்படுத்துறது பெருமைல சேரும். எழுதினது எழுதினதா இருக்கட்டும். மிச்சத்த தேவன்கிட்ட சொல்லுங்க." அவன் தலையாட்டிவிட்டுப் போனான். இன்னும் இரண்டு முறை அதே பேச்சை எடுத்தான். இரண்டு முறையும் அதே பதிலைத்தான் சொன்னேன்.

ஜனவரியில் எங்கள் படிப்பில் இருபத்தொரு நாள் உபவாச ஜெபம் உண்டு. நோயாளிகளும் கர்ப்பிணிகளும் உபவாசம் இருக்கக் கூடாது, மருந்தை நிறுத்தக் கூடாது என்று பாடக்குறிப்பின் நான்காம் பக்கத்தில் இருக்கிறது. அதை எழுதியவளே நான்தான். சிட்டிபாபுவுக்கு அனுப்பும்போது மூன்று பக்கங்களை மட்டும் அனுப்பினேன். அந்த வாரப் பாடமாக ஆசா ராஜாவின் கதையைக் கொடுத்தேன். காலில் நோய் வந்தபோது கர்த்தரைத் தேடாமல் வைத்தியர்களைத் தேடிச் செத்துப்போன ராஜா. சுவிசேஷம் எழுதிய லூக்காவே ஒரு வைத்தியர் என்பதை அந்த வாரம் நான் சொல்லவில்லை.

ஊசியை நிறுத்து என்று நான் எங்கேயும் சொல்லவில்லை. வாழைப்பழத்தில் ஊசி ஏற்றுவது எப்படி என்று ஒரு ஆசிரியைக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. "ஊசி போட்டுகினே உபவாசம் இருக்கலாமா டீச்சர்?" என்று அவன்தான் கேட்டான். "உங்க விசுவாசம் எவ்வளவோ அவ்வளவு பிரதர்" என்றேன். வேறு ஒன்றும் சொல்லவில்லை. அன்று இரவு அவன் அனுப்பிய செய்தி என் போனில் இன்னும் இருக்கிறது. 'ஊசிய தூக்கிப் போட்டேன் டீச்சர். அந்தப் பெரியவருக்காவ இது கூட பண்ணலன்னா நான் இன்னா ஊழியக்காரன்.' அதற்குக் கைகூப்பிய படம் ஒன்றை அனுப்பினேன்.

ஏழாம் நாள் அவன் மனைவி தையல்நாயகி போன் செய்தாள். அவள் கும்பிடுகிற சாமி வேறு. புருஷன் சபைக்குப் போவதைத் தடுத்ததும் இல்லை. "டீச்சரம்மா, ஓயாம வாந்தி எடுக்கறாரு. பேச்சே கொழறுது. ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேன்றாரு. நீங்க ஒரு வார்த்த சொன்னா கேப்பாரும்மா. உங்க காலுல வுழறேன்."

நான் ஜன்னல் வழியாக எலுமிச்சை மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு வார்த்தை போதும். அது என் வாயில்தான் இருந்தது. "நான் ஜெபிக்கிறேன்மா" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

ஒன்பதாம் நாள் காலை அவன் செத்துப்போனான். இதை நான் மறைக்கவில்லை. அவன் சாக வேண்டும் என்றுதான் செய்தேன். என்னிடம் வருத்தம் இருக்கிறதா என்று நீங்கள் கேட்டபோது இல்லை என்றேன். ஏசுபாதத்துக்குக் கணக்கு நேராகிவிட்டது, அவ்வளவுதான் என்றும் சொன்னேன்.

இந்த இடத்தில் கையெழுத்துப் போட்டு முடித்துவிடலாம் என்று பேனாவை மூடினேன். அப்போதுதான் சுந்தரவல்லி மேடம் நான்கு தாள்களைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். சிட்டிபாபு முதலில் அனுப்பிய சாட்சி. படிப்பை நடத்துகிறவர்களின் கணினியில் இருந்ததாம்.

"நாலு பக்கம் டீச்சர்" என்றார். "நாப்பது செகண்ட்ல திருப்பி அனுப்பியிருக்கீங்க. இப்போ படிங்க."

எழுத்து கோணல்மாணலாக இருந்தது. முதல் பத்தி எனக்குத் தெரிந்ததுதான். அதற்குக் கீழே இருந்ததை அப்படியே எழுதுகிறேன்.

'ஆனா ஒரு தப்பு பண்ணிகீறேன். நாலு வருசம் முன்னாடி மழ நாள்ல என் லாரிக்கு முன்னாடி போன லாரி ஒரு பெரியவர அடிச்சிட்டு நிக்காம போச்சு. நான் எறங்கி அவர் தலைய மடியில வெச்சு தண்ணி குடுத்தேன். ரெண்டு வாய் குடிச்சாரு. எலுமிச்சங்கன்னு ஒண்ணு ரோட்ல கெடந்துச்சு. வூட்ல யாரோ ஆசையா கேட்ருப்பாங்கன்னு ஆம்புலன்ஸ்ல அவரு கால்கிட்ட வெச்சு அனுப்புனேன். அடிச்ச வண்டி யாருதுன்னு எனக்கு தெரியும். என் பொண்டாட்டியோட தம்பி பாலு வண்டி. போலீஸ்ல சொல்லல. அந்த பெரியவர் சம்சாரம் யாருன்னு தெரிஞ்சா கால்ல வுழுந்து சொல்லிடுவேன். கர்த்தர் எனக்கு அந்த தைரியம் குடுக்கணும்.'

நேற்று பாலுவைப் பிடித்துவிட்டார்களாம். ஒப்புக்கொண்டானாம். அவனைக் காட்டிக்கொடுத்தது தையல்நாயகி. கூடப் பிறந்த தம்பியை. சாகிற அன்று புருஷன் அவளிடம் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார். டீச்சருக்குப் பெரிய பாவமாக வேண்டியிருந்தது, அதனால் பாலுவின் பாவத்தை என் பேரில் எழுதிக்கொண்டேன், அதைச் சொல்லப் போனால் டீச்சர் கேட்க மாட்டேன் என்கிறார் என்று.

மேடம், இந்த வாக்குமூலத்தின் முதல் வரி பொய். அடித்துத் திருத்தட்டுமா என்று கேட்டேன்; எழுதியது எழுதியபடியே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டீர்கள். சரி, இருக்கட்டும். சிட்டிபாபுவைக் கொன்றது நான். அவர் யார் என்று எனக்குத் தெரியாது என்று மட்டும் எழுதிக்கொள்ளுங்கள். இல்லை, அதையும் எழுத வேண்டாம். அவர் எனக்கு எழுதித்தான் அனுப்பியிருந்தார்.

தண்ணீர் கொடுத்த அந்த மனிதருக்கு நீண்ட ஆயுசைக் கொடும் என்று இன்று காலையிலும் ஜெபித்துவிட்டுத்தான் ஸ்டேஷனுக்கு வந்தேன்.